ரனன்குலஸ் கிழங்கு அழுகுகிறதா? மண்ணை மாற்றுவதற்கு முன் பாத்தியை உயர்த்துங்கள்

கேள்வி: என் நிலம் கனமான களிமண். போன பருவத்தில் பூவுக்காக 200 ரனன்குலஸ் கிழங்குகள் நட்டேன். 70 கூட முளைக்கவில்லை, மீதி மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டன. கிழங்கு விற்றவரிடம் கேட்டால், ஓரடி ஆழம் பள்ளம் வெட்டிக் களிமண்ணை அள்ளிவிட்டு, மூட்டையில் வரும் கிழங்குப் பயிர்க் கலவையை நிரப்பச் சொல்கிறார். பூஞ்சணக்கொல்லியும் வாங்கச் சொல்கிறார். பக்கத்து வயல்காரர் களிமண்ணோடு மணல் கலந்தாலே போதும் என்கிறார். எந்த மண் சரி? மணல் என்றால் என்ன விகிதம்? இன்னொரு பருவத்தை இழக்க முடியாது.

பதில்: கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரனன்குலஸுக்கு ஏற்றது மணற்பாங்கான, பொலபொலப்பான இருமண்பாட்டு நிலம் (மணல், வண்டல், களி கலந்த மண்). கார அமிலத்தன்மை (pH) 6 முதல் 7 வரை இருக்கலாம். 7.5-ஐத் தாண்டினால் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளிக்கும். உப்பைத் தாங்காத பயிர் என்பதால் உவர் நிலமும் சரிவராது.

உங்கள் 130 கிழங்குகளைக் கொன்றது மண்ணின் வகை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த மண்ணில் விழுந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இந்தச் செடி கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்தது. அங்கே குளிர்காலத்தில் மழை, கோடை முழுக்க வறட்சி. குளிரில் வளர்ந்து, வெயில் ஏறியதும் கிழங்காகச் சுருங்கித் தூங்கும். ஈரம் அதற்குப் பழக்கம்தான், காற்றில்லாத ஈரம்தான் ஆகாது. நட்ட புதிதில் வேரும் இலையும் இல்லாத கிழங்கு தண்ணீரை உறிஞ்சிச் செலவழிக்காது. சுற்றிலும் ஈரம் தேங்கினால் மூச்சுத் திணறிச் செத்த திசுவில் பித்தியமும் ரைசோக்டோனியாவும் (அழுகலை உண்டாக்கும் பூஞ்சண வகை நுண்ணுயிர்கள்) குடியேறும். பூஞ்சணம் பின்னால் வருகிறது, மூச்சுத்திணறல் முன்னால் வருகிறது. அதனால்தான் தேங்கும் பாத்தியில் எத்தனை முறை மருந்து ஊற்றினாலும் அழுகல் நிற்பதில்லை.

இப்போது அந்தப் பள்ளம். இதை மட்டும் செய்யாதீர்கள். களிமண்ணில் ஓரடி வெட்டிப் பொலபொலப்பான கலவையை நிரப்பினால், அடியும் பக்கமும் களிமண்ணாலான ஒரு தொட்டி கட்டியதாகத்தான் அர்த்தம். மழை பெய்தால் சுற்றியுள்ள நிலத்துத் தண்ணீரும் அதற்குள் இறங்கும். இறங்கியது வெளியேற வழியில்லை. மேலே அரை அங்குலம் காய்ந்து அழகாகத் தெரியும், கிழங்கு இருக்கும் ஆழத்துக்குக் கீழே சேறாக இருக்கும். அடியில் ஜல்லி போட்டாலும் பயனில்லை. நுண்ணிய கலவைக்குக் கீழே கரடான அடுக்கு வந்தால், மேலே உள்ளது நீரால் நிறையும் வரை தண்ணீர் அந்த அடுக்குக்குள் இறங்காது, ஜல்லிக்கு மேலேயே தொங்கி நிற்கும். தொட்டிச் செடிக்கும் இதே விதிதான். பள்ளத்தில் நிரப்ப மூட்டை விற்கிறவர் மூட்டைக்கு வழி சொல்கிறார், கிழங்குக்கு அல்ல. உங்கள் நிலத்தில் வடிகால் எப்படி என்று கேட்காமலேயே கலவையையும் மருந்தையும் சேர்த்து விற்பவரின் பேச்சை ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மணல் விஷயத்தில் பக்கத்து வயல்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், கணக்கு ஒத்துவராது. களிமண்ணின் குணம் மாற வேண்டுமானால் கன அளவில் பாதிக்கு மேல் மணல் வேண்டும். அதற்குக் குறைந்தால் மணல்துகள்களின் இடைவெளியைக் களிமண் அடைத்துக்கொண்டு முன்னைவிட இறுகும். 1.2 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், 30 செ.மீ. ஆழமுள்ள ஒரே பாத்திக்குப் பாதி மணல் என்றாலே 1.8 கன மீட்டர், ஏறக்குறைய 3 டன். அத்தனையும் கொட்டி, சீராகக் கலந்து முடிப்பதற்குள் பருவம் போய்விடும். பாதிவழியில் நிறுத்தினால் இருந்த மண்ணும் கெட்டுவிடும்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். 30 செ.மீ. நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி முழுக்க வடிய விடுங்கள். உடனே மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவுதான் கணக்கு. காய்ந்து வெடித்த களிமண்ணில் முதல் தண்ணீர் வெடிப்பு வழியே ஓடிவிடும், அதைப் பார்த்து வடிகால் பிரமாதம் என்று ஏமாந்தவர்கள் நிறைய. மணிக்கு 2.5 முதல் 7.5 செ.மீ. இறங்கினால் சமதளத்திலேயே நடலாம். 2.5-க்குக் கீழே என்றால் மேட்டுப்பாத்தி இல்லாமல் நடக்கூடாது. உங்கள் நிலம் இரண்டாவது வகையாகத்தான் இருக்கும்.

மேட்டுப்பாத்தி என்றால் வரப்பு உயரத்துக்கு ஒரு கோடு இழுப்பதில்லை. நடும் மட்டம் 25 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். மேலகலம் 1 மீட்டர், பாத்திகளுக்கு இடையே 45 செ.மீ. நடைபாதை. அந்த நடைபாதைக்கு நிலத்தின் தாழ்வான மூலையை நோக்கிச் சரிவும், வெளியே போக ஒரு வாய்க்காலும் வேண்டும். சரிவில்லாத நடைபாதை நாலு பக்கமும் குளமாகிப் பாத்தியின் அடியை நனைத்துக்கொண்டே இருக்கும். மேடு கட்ட உங்கள் மேல்மண்ணையே நடைபாதையிலிருந்து இழுத்துப் போடுங்கள். அதன்மேல் 5 செ.மீ. கனத்துக்கு நன்கு மக்கிய கம்போஸ்ட் பரப்பி (10 சதுர மீட்டருக்கு அரை கன மீட்டர்) மேல் 20 செ.மீ.க்குள் கிளறிவிடுங்கள். களிமண்ணைச் சிறு உருண்டைகளாகத் திரட்டிப் பொலபொலப்பாக்குவது மணல் அல்ல, மக்கு. புதுச் சாணம் வேண்டாம்: உப்பு கூடும், தழைச்சத்து மிகுந்து இலை பருத்துச் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும், பூ குறையும். ஈர மண்ணைக் கிளறாதீர்கள். கையில் உருட்டி அமுக்கினால் உதிர வேண்டும், பளபளவென்று பிசைபட்டால் இன்னும் இரண்டு மூன்று நாள் காயட்டும்.

ஜிப்சம் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மண் பரிசோதனையில் சோடியம் மிகுதி என்று வந்தால் மட்டும் போடலாம். சாதாரணக் களிமண்ணை அது இளக்காது.

தொட்டியில் வளர்க்கத் தென்னை நார்க்கழிவு வாங்குபவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஊறவைத்த தண்ணீர் பழுப்பாக இருப்பதற்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் கருவியில் 0.5 டெசிசைமன்ஸ்/மீட்டருக்குக் கீழே வரும்வரை கழுவுங்கள். அதன் பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அலசினால், நாரில் ஒட்டிக்கொண்ட சோடியமும் பொட்டாசியமும் வெளியேறும்.

அழுகிய கிழங்கு ஏதாவது மிச்சமிருந்தால் தோண்டி எடுத்துப் பாருங்கள். நகம் போன்ற விரல்கள் கொழகொழவென்று புளித்த நாற்றத்தோடு கழன்று வந்தால் தேங்கல்தான் காரணம். சிறு வேரை இழுக்கும்போது தோல் உறையாக உருவி, நடுவில் நூல் மட்டும் நின்றால் பித்தியம். கிழங்கு கெட்டியாக, நட்டபடியே இருந்தால் மண்ணைக் குறை சொல்ல வேண்டாம். மண் சூடாக இருந்திருக்கும். நடும்போது மண்ணின் வெப்பம் 10 முதல் 15 டிகிரி இருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் முளைக்க மறுத்து உள்ளேயே கிடந்து கெடும். இந்தக் குறையை எந்த மண்ணாலும் சரிசெய்ய முடியாது.

நடும் முறை சுருக்கமாக: அறை வெப்பத் தண்ணீரில் 3 முதல் 4 மணி நேரம் ஊறவைத்தால் போதும், இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். இரவு முழுக்க ஊறவிடுவது அழுகலை வீட்டிலேயே தொடங்கிவைப்பது. ஊறியதை ஈரக் கலவையுள்ள தட்டில் 10 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் 10 முதல் 14 நாள் வைத்தால் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். பூசணம் பூத்ததை எறிந்துவிட்டு மற்றவற்றை விரல்கள் கீழ்நோக்க, 5 செ.மீ. ஆழத்தில், 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். வேர்விட்ட கிழங்கு தண்ணீரை உறிஞ்சத் தெரிந்தது, களிமண்காரருக்கு இது பெரிய காப்பு. நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, தளிர் வெளிவரும்வரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள். விரலை விட்டுப் பார்த்து 4 செ.மீ. வரை காய்ந்திருந்தால் மட்டும் அடுத்த தண்ணீர். மேலே தெளிக்காமல் சொட்டுநீரில் விடுவது நல்லது.

போன பருவத்துப் பாத்தியில் 3, 4 வருடத்துக்கு ரனன்குலஸும் அதன் குடும்பத்து அனிமோனியும் வேண்டாம். புதுப் பாத்தியை வேறு துண்டில் போடுங்கள். இந்த முறை கிழங்கை இரண்டாகப் பிரித்து, இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு நடுங்கள். முதல் பாதியில் தேங்கல் தெரிந்தால் நடைபாதை வாய்க்காலை இன்னும் வெட்டி இறக்க அவகாசம் இருக்கும்.