ஃபேட்டி லிவருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. எடை 98 கிலோ, உயரம் 168 செ.மீ. ஆறு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை எடுக்கிறார், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 8.6. ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. கல்லீரல் என்சைம்கள் எஸ்ஜிஓடி 62, எஸ்ஜிபிடி 78, பிளேட்லெட் 2.1 லட்சம். டயட் இருந்தால் எடை இறங்குகிறது, விட்டதும் ஏறிவிடுகிறது. மாதம் ஓரிரு முறை நண்பர்களோடு குடிப்பார். இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்தால் கல்லீரலும் சரியாகிவிடும் என்கிறார் ஒரு சர்ஜன். கல்லீரலுக்காக வயிற்றில் கத்தி வைப்பதா என்று மாமியார் பயப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: சர்ஜன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் தேதி குறிக்கும் முன் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது.

முதலில் அந்த 'கிரேடு 2' பற்றி. அல்ட்ராசவுண்டில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதுதான் கிரேடு. கொழுப்பு எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லும், அவ்வளவுதான். வருங்காலத்தில் ஒருவருக்கு என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பது கொழுப்பின் அளவு அல்ல, அதனால் கல்லீரலில் விழுந்திருக்கும் தழும்பு. கிரேடு 1 என்று நிம்மதியாக இருந்தவருக்குச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை, இருக்கலாம். கிரேடு 3 காரருக்குத் தழும்பே இல்லாமலும் இருக்கலாம்.

தழும்பைக் கணிக்க நீங்கள் அனுப்பிய எண்களே ஓரளவுக்குப் போதும். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கினால் 41 × 62 = 2542. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து (210), எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் (8.83) பெருக்கினால் சுமார் 1854. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 1.37. ஃபிப்-4 என்கிற கணக்கு இது. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு; 2.67-க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். உங்கள் கணவர் நடுவில், கீழ்க்கோட்டைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறார். இப்படி நடுவில் நிற்பவர்களுக்கு அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன் இது. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, சில நிமிட வேலை. சில மணி நேரம் வெறும் வயிறாக இருந்து போனால் போதும்.

அதில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் அவசரமே இல்லை. 8-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 20-க்கு மேல் போனாலோ, பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருந்தாலோ, உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பி செய்து பார்க்காமல் எடைக் குறைப்பு ஆபரேஷன் பற்றிப் பேசவே கூடாது. வயிற்றில் நீர் கோத்த, ரத்த வாந்தி எடுத்த சிரோசிஸ் நோயாளிகளுக்கு இந்த ஆபரேஷனே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். அதனால்தான் இந்தச் சிகிச்சையைக் கடைசி ஆயுதமாக ஒத்திப்போடுவதும் தவறு என்கிறேன். இது பலன் தரும் காலம், கல்லீரல் கெட்டுப்போவதற்கு முன்னால்தான்.

சரி, வயிற்றைக் குறைத்தால் கல்லீரல் எப்படித் தேறும்? ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்தை நீளவாக்கில் எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. சாப்பாடு சீக்கிரமாகக் குடலுக்கு இறங்குவதால் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன, இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்குகிறது. தொப்பையிலிருந்து கல்லீரலுக்கு வந்து இறங்கும் கொழுப்பும், மிஞ்சிய சர்க்கரையிலிருந்து கல்லீரல் தானே தயாரிக்கும் கொழுப்பும் குறைகின்றன.

உடல் எடையில் 5% குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும். தழும்பு கரைய 10 சதவீதமாவது வேண்டும். 98 கிலோவுக்கு அது கிட்டத்தட்ட பத்து கிலோ. குறைத்துவிடலாம், வருடக்கணக்கில் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். டயட்டை விட்டதும் எடை ஏறுவதை அவருடைய மனவுறுதிக் குறைவு என்று வீட்டில் யாரும் திட்ட வேண்டாம்; இழந்த எடையை மீட்கத்தான் உடம்பு பார்க்கும். ஃபிரான்சின் லீல் நகரில், கொழுப்பால் வந்த கல்லீரல் அழற்சியோடு எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஐந்து வருடம் கழித்து பயாப்ஸி எடுத்துப் பார்த்தார்கள். 84% பேருக்கு அழற்சி நிலை மறைந்திருந்தது. சுமார் 70% பேருக்குத் தழும்பும் குறைந்திருந்தது. 2023-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் ஸ்லீவும் பைபாஸும் (இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே குடலோடு இணைப்பது; இதய பைபாஸ் அல்ல) கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? நெஞ்செரிச்சல் தொந்தரவு ஏற்கெனவே இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டும். சர்க்கரை கட்டுப்பாட்டுக்குப் பைபாஸ் ஒரு படி மேல். ஆனால் அதற்குப் பிறகு மது மின்னல் வேகத்தில் ரத்தத்தில் ஏறும், குடிப்பழக்கம் முற்றும் ஆபத்தும் கூடும். 'மாதம் ஓரிரு முறைதானே' என்கிற சமாதானம் ஆபரேஷனுக்குப் பிறகு எடுபடாது. எந்த ஆபரேஷனாக இருந்தாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. எடை மளமளவென்று குறையும் மாதங்களில் பித்தப்பைக் கல் வரலாம். அதைத் தடுக்கவும் மாத்திரை தருவார்கள். கல்லீரலுக்கு நல்லது என்று லேகியமோ சூரணமோ சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளை அவர் இன்னும் முயன்று பார்க்கவில்லை போலிருக்கிறது. தழும்பு ஏற்பட்ட, ஆனால் சிரோசிஸ் ஆகாத, கொழுப்பால் வந்த கல்லீரல் அழற்சிக்கு செமாகுளுட்டைடு ஊசியை அமெரிக்கா 2025 ஆகஸ்டில் அனுமதித்தது. டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசியும் இந்தியாவில் கிடைக்கிறது. நிறுத்தினால் எடை திரும்பும் என்பதும், மாதாமாதம் செலவு என்பதும் இவற்றின் குறைகள். ஃபைப்ரோஸ்கேன் 8-க்குக் கீழே வந்தால் நான் ஊசியைத்தான் முதலில் சொல்வேன். அதற்கு மேல் வந்து, சிரோசிஸும் இல்லை என்றால், சர்க்கரை 8.6-இல் நிற்கும் இந்த 41 வயதுக்காரருக்கு ஆபரேஷன் பக்கம்தான் என் ஓட்டு.

அப்புறம் பணம். அவருடைய பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 34.7. சர்க்கரை இல்லாவிட்டாலும் ஆசிய உடல்வாகுக்கு 27.5-க்கு மேலேயே ஆபரேஷன் செய்யலாம் என்று 2022-இல் உலக அளவிலான சர்ஜன் சங்கங்கள் சொல்லிவிட்டன. ஆனால் நம் ஊர் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை வேறு: பிஎம்ஐ 40, அல்லது 35-உடன் கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்ற ஏதாவது ஒன்று. ஃபேட்டி லிவர் அந்தப் பட்டியலில் இல்லை. 35-ஐத் தொட ஒரு கிலோ ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விளையாட்டு வேண்டாம். முதலில் எடையையும் உயரத்தையும் மருத்துவமனையில் சரியாக அளந்து எழுதி வாங்குங்கள். பிறகு ஹெச்பிஏ1சி, ஃபைப்ரோஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு முன் அனுமதிக்கு விண்ணப்பித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே அட்வான்ஸ் கட்டுங்கள்.