கெடுப்பதற்கு ஒரு பணம்

அன்புள்ள அக்கா,

நான் குடியாத்தம் பக்கத்துக்காரன். பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி ஒன்றில் படித்துவிட்டு இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறேன். பழைய மாணவர்கள் 30 பேர் சேர்ந்து எங்கள் கல்லூரியில் காலணித் தொழிலுக்கு ஒரு செய்முறைப் பயிற்சிக் கூடம் அமைக்க 12 லட்சம் திரட்டுகிறோம். இயந்திரங்களுக்கு 8 லட்சம், அறையைச் சீரமைக்க 3 லட்சம், திறப்பு விழாவுக்கும் பெயர்ப் பலகைக்கும் 1 லட்சம். எங்கள் பிள்ளைகள் பட்டம் வாங்குகிறார்கள், ஆனால் கையால் ஒரு வேலை செய்யத் தெரிவதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை கம்பெனிகளுக்கு வேண்டுகோள் கடிதம் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? கொடுப்பவர்கள் பெயரைச் சுவரில் பொறிப்பது சரியா? வரி விலக்கு பற்றியும் சொல்லுங்கள்.

ப.

அன்புள்ள ப.,

படித்த கல்லூரியைத் திரும்பிப் பார்க்கிற 30 பேர் இருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். வாடகையும் கடன் தவணையும் போக மிச்சத்தில்தான் கொடுப்பீர்கள், தெரியும். அந்தப் பிரியத்தை நம்பித்தான் கொஞ்சம் கடுமையாக எழுதப் போகிறேன்.

கடிதத்தை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். வரி விலக்கு பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். பெரிய கம்பெனிகளுக்கு 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டலாம். சட்டம் சொல்கிற அளவைத் தாண்டிய கம்பெனிகள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வேலைக்கான திறன் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919லேயே வந்துவிட்டது. தோல் வியாபாரத்தில் வந்த காசு கல்விக்குப் போவது நம் பக்கத்தில் பழைய வழக்கம்.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடம். ‘கையால் ஒரு வேலை செய்யத் தெரிவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கல்லூரிப் பெண்களில் எத்தனை பேர் சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? லீவு விட்டதும் ஷூ கம்பெனிக்குப் போகிற பையன்களோடுதானே நீங்களும் படித்தீர்கள்? அவர்கள் கைக்கு ஓய்வே இல்லை. தப்பு செய்து பார்க்க இடம் கிடைக்காத கைகள் அவை. பீடி சரியாக வராவிட்டால் கழித்துவிடுவார்கள், கூலி குறையும். அப்படிப் பழகிய பிள்ளை புது வேலையில் கை வைக்கப் பயப்படத்தான் செய்யும். நன்கொடை கேட்கிற கடிதத்தில் தயவுசெய்து அந்த வரி வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடையில் பேரணாம்பட்டில் மாமா வீட்டில் இருந்தேன். மாமா ஒரு சின்ன ஜாப் ஒர்க் பட்டறையில் கட்டிங் வேலை பார்த்தார். தகரக் கூரை, அக்னி நட்சத்திர வெயில், பசை வாசனை. பெண் பிள்ளைகள் தையலுக்குப் போவார்கள், கத்தி பிடிப்பது ஆண்கள்தான். நான் தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு போய் அவர் பக்கத்தில் நின்று பார்ப்பேன். ஒருநாள் என் கையில் கத்தியைக் கொடுத்து, ஓர் ஆட்டுத் தோலை மேசையில் விரித்து, ‘வெட்டு’ என்றார்.

தோலில் முதுகை ஒட்டிய இடம் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தொளதொள என்று இழுபடும். விரல்களை மூடுகிற முன்பாகத்தை, வேம்ப் என்பார்கள், முதுகுப் பக்கம்தான் எடுக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. தோலை மிச்சம் பிடிக்கிற கெட்டிக்காரத்தனத்தில், வெட்டுவதற்கான அளவு அட்டையை வயிற்றுப் பக்கம் வைத்து ஓரத்திலிருந்து வெட்டினேன். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத் தைத்து, லாஸ்ட் என்கிற கால் அச்சில் மாட்டி இழுத்தபோது ஒரு பக்கம் நீண்டு, இன்னொரு பக்கம் சுருங்கி, கோணிக்கொண்டு நின்றது. அப்போதுதான் என் விரலைப் பிடித்துத் தோலின் மேல் வைத்து, முதுகிலிருந்து வயிறு வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். எந்த இடத்தில் தோல் தளர்கிறது என்பது இன்றைக்கும் என் விரலுக்குத் தெரியும்.

அன்றைக்கு மூன்று தோல் கெட்டது. அந்தச் சனிக்கிழமை மாமாவின் கூலியில் அதற்குப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து, மாமா போன பிறகு, அத்தை சொல்லித்தான் தெரிந்தது. அந்த வாரம் வீட்டில் கறி எடுக்கவில்லையாம்.

‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். பழகும்போது கெடுகிற தோலுக்குக் காசு கொடுப்பது யார்? உங்கள் 12 லட்சத்தில் அதற்கு ஒரு ரூபாய் இல்லை. தோல் இல்லை, நூல் இல்லை, ஊசி இல்லை, பசை இல்லை. சொல்லிக்கொடுக்கிற மாஸ்டருக்குச் சம்பளமும் இல்லை. திறப்பு விழாவுக்கு இருக்கிறது! ஒரு கல்லூரியில் இப்படி வாங்கிய தையல் மிஷின்களை நானே பார்த்தேன். துணி போர்த்தி, பூட்டிய அறைக்குள் இருந்தன. கொடுத்தவர் பெயர் மட்டும் கதவில் பளபளவென்று இருந்தது. ‘பசங்க கெடுத்துடுவாங்க மேடம்’ என்றார் சாவி வைத்திருந்தவர். கெடுக்கத்தானே வாங்கினீர்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வந்துவிட்டேன், இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

சுவரில் பெயர் பொறிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொறியுங்கள், தப்பில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடருக்கு நியூயார்க் வங்கிக்காரர் ஒருவர் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில்தான் 1902இல் வேலூரில் 40 படுக்கை மருத்துவமனை வந்தது. ஷெல் என்ற அந்தப் பெயர் இன்றைக்கும் ஊரில் இருக்கிறது. ஆனால் 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தபோது அந்தம்மா மாணவிகளைக் கட்டடத்துக்குள் உட்கார வைத்தே விட்டுவிடவில்லை. குடியாத்தம் ரோட்டில் மரத்தடி மரத்தடியாக வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது கூடவே கூட்டிக்கொண்டு போனார். உங்கள் ஊர்ப் பாதைதான் அது.

சரி, கணக்கைத் திருப்பிப் போடுங்கள். விழாவை எடுத்துவிடுங்கள், அறைக்கு வெள்ளையடித்தால் போதும். மிஷின்களைப் பாதியாகக் குறையுங்கள், பழையதாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. மிச்சத்தை ஒரு மாஸ்டரின் இரண்டு வருஷச் சம்பளத்துக்கும் தோலுக்கும் வையுங்கள். ஆம்பூரில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர்கள் இருப்பார்கள், அவர்களிடம் பட்டம் கேட்காதீர்கள். கம்பெனிகளிடம் காசோலை மட்டும் கேட்காமல் ரிஜெக்ட் ஆன தோலையும் கேளுங்கள். கத்திக் கீறல், முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் அதில்தான் இருக்கும். எதை ஒதுக்கி எங்கே அட்டையை வைப்பது என்று கற்க அதைவிட நல்ல தோல் கிடையாது. பிள்ளைகளுக்கு பஸ் காசும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கு வந்துபோகிற நாளில் பீடிக் கூலி போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் பங்காக 20 ஆட்டுத் தோலுக்கான பணம் அனுப்புகிறேன். மாமாவின் பெயரைச் சுவரில் போட வேண்டாம். ரசீதில் ‘கெடுப்பதற்கு’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா