அக்காவிடம் கேளுங்கள்: அடியைப் பொறுத்துக்கொண்டால் புண்ணியமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். கணவர் சிங்கள பௌத்தர். கோயிலில் அனுமதி எடுத்துத்தான் கலியாணம் முடித்தோம். இரண்டு பிள்ளைகள். சில வருடமாக அடிக்கிறார். போன மாதம் கறியில் உப்பில்லை என்று எறிந்த கோப்பை பட்டு என் புருவத்தில் தையல் போட்டார்கள். "சிலுவையைச் சுமந்து செபியுங்கள், மனம் மாறுவார்" என்கிறார் பங்குச் சுவாமி. மாமியோ, "போன பிறவிக் கருமம், அடிமைபோலப் பொறுத்துப்போகிற மனைவிக்குத்தான் சுவர்க்கம் என்று பன்சலையில் (பௌத்த விகாரையில்) பண, அதாவது பௌத்தப் பிரசங்கம், சொன்னார்கள்" என்கிறார். வத்தளையிலுள்ள என் அக்கா வரச் சொல்கிறாள். போனால் நான்தான் விட்டுப் போனவள் என்று வழக்குப் போடுவாராம் கணவர். பூசையில் தரும் திருவப்பமான நற்கருணையை வாங்க முடியாமல் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, முதலில் வத்தளையில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போங்கள். மிச்சத்தை அங்கே இருந்துகொண்டு வாசிக்கலாம்.

நற்கருணைப் பயத்தை இப்போதே விட்டுவிடுங்கள். கணவரைப் பிரிந்து வாழ்வதற்காகத் திருச்சபை யாரையும் நற்கருணையிலிருந்து விலக்குவதில்லை. நீதிமன்றத்தில் விவாகரத்தே எடுத்தாலும், மறுமணம் செய்யாதவரை அதுவே தடையாகாது. உங்கள் சுவாமியும் குருமடத்தில் படித்திருக்கக்கூடிய ஒன்று திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் இலக்கம். துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ ஆன்ம அளவிலோ பெரிய ஆபத்து விளைவிப்பவரைப் பிரிந்துபோக அது இடம் தருகிறது. ஆயரின் ஆணையோடு பிரியலாம். தாமதித்தால் ஆபத்து என்றால் நீங்களாகவே முடிவெடுத்துப் போகலாம். புருவத்தில் தையல் போட்டபிறகு எதற்குத் தாமதம்? பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட மடலில், வன்முறை இருக்குமிடத்தில் பிரிவது சில வேளைகளில் ஒழுக்கப்படியே அவசியமாகிறது என்று எழுதினார். பெண்ணை அடிப்பதைக் கோழைத்தனம் என்றும் அதிலேயே சொல்கிறார். செபியுங்கள், நானும் செபிக்கிறேன். வத்தளையிலிருந்தும் செபிக்கலாம்.

இனி மாமி சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை. பௌத்த வேதநூல் தொகுதிகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் ஏழு வகை மனைவியரைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. தடியோடு மிரட்டினாலும் கோபப்படாத 'அடிமை போன்ற மனைவி' அதில் நல்லவர்கள் வரிசையில்தான் வருகிறாள், அவளுக்கு நற்கதியும் சொல்லப்படுகிறது. புத்தரின் சீடரான செல்வந்தர் அனாதபிண்டிகரின் வீட்டுக்கு வந்த, யார் சொல்லும் கேளாத பணக்கார மருமகள் சுஜாதாவுக்குப் புத்தர் சொன்னது அது. எனக்கு அந்தப் பகுதி பிடிக்காது, மறைக்கவில்லை. ஆனால் கணவனுக்கு அடிக்க அனுமதி அதில் எங்கேயும் இல்லை. கணவன் என்ன செய்ய வேண்டும் என்பதைத் இன்னொரு தொகுதியான தீக நிகாயத்தின் சிகாலோவாத சூத்திரம் ஐந்தாகச் சொல்கிறது: மனைவியை மதிக்க வேண்டும், இழிவுபடுத்தக் கூடாது, துரோகம் செய்யக் கூடாது, வீட்டு அதிகாரத்தை அவளிடம் கொடுக்க வேண்டும், அணிமணி வாங்கித் தர வேண்டும். மாமி மகனுக்கு இதில் முதல் இரண்டையாவது சொல்லிக் கொடுத்தாரா?

கருமக் கதைக்குப் புத்தரே பதில் சொல்லியிருக்கிறார். மனிதர் அனுபவிப்பதெல்லாம் பழைய வினைதானா என்று சீவகன் என்ற பரிவிராஜகன், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, கேட்கிறான். இல்லை என்று சொல்லி, பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று எட்டுக் காரணங்களை எண்ணுகிறார். பிறர் தாக்குவதால் வரும் நோவு அதில் தனியாகவே இருக்கிறது, வினையின் பலன் வேறாக. அப்புறம், கோப்பையை எறிந்ததும் ஒரு கருமம்தானே? அது உங்கள் கணவர் கணக்கில் ஏறுவதை மாமி ஏன் சொல்வதில்லை?

"விட்டுப் போனவள்" என்ற மிரட்டலுக்கு வருவோம். நம் இலங்கையின் விவாகரத்துக் காரணங்களில் ஒன்று தீய எண்ணத்தோடு கைவிடுதல். கொடுமை தாங்காமல் மனைவி வெளியேறினால், வெளியேற வைத்த கணவனே கைவிட்டவன் என்று நீதிமன்றம் கொள்ளலாம். தையல் போட்ட ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் நீங்களே மனுப் போடலாம், உங்களுக்காகப் பொலிஸும் போடலாம். உடனே இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம்வரை பாதுகாப்புக் கட்டளை கிடைக்கலாம். கணவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றுகூட உத்தரவிடலாம். "புருசன் பெண்சாதி சண்டைதானே, சமாதானமாகப் போங்க" என்று பொலிஸில் திருப்பி அனுப்பினால், முறைப்பாட்டைப் பதியாமல் எழும்ப வேண்டாம்.

புறப்படும்போது அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். நகையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

சுவாமியிடம் மறுபடி போவதானால் அக்காவோடு போங்கள். உங்களையும் கணவரையும் ஒன்றாக இருத்திப் பேசுவோம் என்பார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுவாமி முன்னால் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் கணவர் வீட்டில் வைத்துக் கணக்குக் கேட்பார். அரசாங்கத்தின் பெண்கள் உதவி இலக்கம் 1938. அக்காவின் போனிலிருந்து எடுங்கள். உங்கள் போனைக் கணவர் பார்க்கக்கூடும்.