விற்றுவிடலாமா இந்த லேத்தை?

கேள்வி: பணி ஓய்வு பெற்றதும் மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடைகிற சின்ன லேத் இயந்திரம் ஒன்று வாங்கிப் பின்கட்டில் போட்டேன். நான்கு மாதமாகக் கிண்ணம் கடையப் பார்க்கிறேன். உளி திடீரென்று மாட்டிக்கொண்டு மரத்தையே பிடுங்கி எறிகிறது. ஆனாலும் சாயங்காலமானால் கால் அங்கேதான் போகிறது. "இதனால் என்ன பிரயோஜனம்?" என்கிறார் மனைவி. விற்றுவிடலாமா?

பதில்: விற்காதீர்கள் சார். கால் தானாக அங்கே போகிறதே, அதுவே போதும்.

கிண்ணத்தில் ஆரம்பித்ததுதான் தப்பு. அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை மர நாரின் வெட்டுமுனை உளிக்கு எதிரே வரும், பழகாத கைக்கு அது கஷ்டம். அதுவும் நீளக்கட்டையை உருட்டித் திரட்டுகிற அகல உளியைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது, உளியின் கழுத்து ஒடிந்து முகத்தில் அடிக்கும். கொஞ்ச நாளைக்கு ஓரடி நீளக் கட்டை ஒன்றை இரண்டு முனையிலும் பிடிமானம் கொடுத்து மாட்டிப் பழகுங்கள். உளி முதலில் தாங்கியில், அதாவது மரத்துக்கு முன்னால் உளியை வைக்க இருக்கும் கம்பியில், உட்கார வேண்டும், அப்புறம்தான் மரம். கைப்பிடியைத் தாழ்த்தி, உளியின் கூர்முனை படாமல் அதன் பின்னாலிருக்கும் சரிவு மட்டும் சுற்றுகிற மரத்தில் உரசும்படி பிடித்துக்கொண்டு, கைப்பிடியை மெல்ல மெல்ல உயர்த்தினால் ஓரிடத்தில் தடதடப்பு அடங்கி நீளமான சுருள் கையின் மேல் வந்து விழும். எனக்கு அது முதல்முறை வந்த அன்று சாப்பிடக் கூப்பிட்டதே காதில் விழவில்லை. சுருளுக்குப் பதில் தூள் வந்தால் உளி மழுங்கிவிட்டது, பத்து நிமிடத்துக்கு ஒரு தரமானாலும் சாணை பிடியுங்கள்.

முகம் முழுக்க மறைக்கும் கவசம் கட்டாயம். கையுறையும் தொளதொள சட்டையும் கூடாது. சுவிட்ச் போடுமுன் மரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லையா என்று பாருங்கள்.

கை வந்த பிறகு கிண்ணத்துக்குப் பூவரசு கிடைத்தால் விடாதீர்கள், ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மிலோ என்று அழைத்துக் காலங்காலமாகக் கிண்ணம் செய்திருக்கிறார்கள். பச்சையாக இருக்கும்போது கடைவது சுலபம், ஆனால் காயும்போது கோணும், அதனால் பத்து அங்குலக் கிண்ணமென்றால் சுவரை ஒரு அங்குலக் கனத்தில் விட்டு, சில மாதம் நிழலில் காயவைத்து மறுபடி கடையுங்கள்.

பிரயோஜனம் கேட்டாரே, முதலில் அவருக்கு ஒரு பூரிக்கட்டை கடைந்து கொடுங்கள். மாவில் படுகிற சாமான் என்பதால் வார்னிஷ் வேண்டாம், லேத்தை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.