எக்ஸ்சேஞ்சுக்கு விடும் முன் காரைக் கழுவி பாலிஷ் போட்டால் விலை கூடுமா?

கழுவுங்க. பாலிஷ் வேண்டாம். விலை கூடாது, குறைக்கறதுக்கு அவங்க கையில இருக்கற காரணத்துல ஒண்ணு குறையும், அவ்வளவுதான்.

கேள்வியைப் பார்த்தா யாரோ உங்ககிட்ட ஆறாயிரம், எட்டாயிரத்துக்கு டீடெய்லிங் (உள்ளேயும் வெளியேயும் முழுசா சுத்தம் பண்ணி பாலிஷ் போடறது) பேசியிருக்காங்கன்னு நினைக்கிறேன். என் மச்சினனும் இதையேதான் சொன்னான்: "பளபளன்னு கொண்டு போங்க மாமா, முப்பதாயிரம் கூடக் கேட்கலாம்." அவன் நண்பன் வெச்சிருக்கறது டீடெய்லிங் கடை. சரி, அது வேற விஷயம்.

நமக்குக் காங்கேயம், தேங்காய்ப் பருப்புக் களம். 2017 மாடல் டிசையர். கார்தான், ஆனா பாதி நேரம் டிக்கியில புண்ணாக்கு மூட்டையும் எண்ணெய் டின்னும்தான் இருக்கும். கார்ப்பெட்ல எண்ணெய் ஊறி, மழை நாள்ல ஏ.சி. போட்டா காறல் வாசம் குப்புன்னு வரும். எங்களுக்குப் பழகிப் போச்சு. திருப்பூர்ல ஒரு ஷோரூம்ல இருந்து வண்டி பார்க்க வந்த தம்பிக்குப் பழகல. கதவைத் திறந்ததும், "என்னங்ணா, செக்குக்குள்ள நின்ன வண்டிங்களா?"ன்னான். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினா, ஸ்டெப்னி குழியில பருப்புத் தூளும் எறும்புச் சாரையும். அவன் தூக்கினது அதுக்கு இல்லீங்க. பின்னாடி இடிபட்டு வெல்டிங் வெச்சிருக்கான்னு பார்க்க. ஆனா கண்ணுல பட்டது எறும்பு. போன்ல அவன் பதிஞ்ச ரிப்போர்ட்ல "உள் கிளீனிங், சீட் கவர்"னு ஒரு வரி, அதுக்கு நேரா பத்தாயிரம் கழிவு.

வீட்ல அந்தக் கார்ப்பெட்டைக் கழட்டி, சீயக்காய் போட்டுத் தேய்ச்சு, களத்துல பருப்புக்குப் பக்கத்துலயே காயப் போட்டாங்க. பைபாஸ் ஓரத்து வாட்டர் வாஷ்ல உள்ளே வாக்யூம், வெளியே தண்ணி. எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். அப்புறம் கோயமுத்தூர் அவிநாசி ரோட்டுல இன்னொரு ஷோரூம்ல காட்டினேன். அந்தக் கழிவு வரவே இல்லை. "ரெண்டும் வேற வேற ஷோரூம், எப்படி ஒப்பிடலாம்"னு யாராச்சும் கிளம்பி வருவீங்க, தெரியும். மொத்த விலையை நான் ஒப்பிடலை. அந்த ஒரு வரியைத்தான் சொல்றேன்.

கோயமுத்தூர்ல பார்த்தவர் வயசானவர். பெயிண்ட் பளபளப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கல. கையில பெயிண்ட் தடிமன் அளக்கற ஒரு சின்ன மீட்டர்; ஒவ்வொரு கதவுலயும் வெச்சு எண்ணைப் பார்த்தார். கம்பெனி பெயிண்ட்னா பெரும்பாலும் 100, 150 மைக்ரானுக்குள்ள நிக்கும். பட்டி பார்த்து அடிச்சிருந்தா எகிறிரும். மேல எத்தனை பாலிஷ் போட்டாலும் அதை மறைக்க முடியாது. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை உரிச்சு, கம்பெனி வெச்ச வெல்டிங் புள்ளி அப்படியே இருக்கான்னு பார்த்தார், டயர்ல தயாரிச்ச வாரம், வருசத்தைப் படிச்சார், சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டார். "இன்ஜினைக் கழுவாம வந்தீங்களே, அதுவே நல்லதுங்க. புதுசாட்ட மின்னுச்சுன்னா ஆயில் லீக்கை மறைக்கறாங்களோன்னுதான் எனக்கு மொதல்ல சந்தேகம் வரும்"னார். நானா கழுவாம விட்டது சோம்பேறித்தனத்துலதான், ஆனா சொல்லிக்கல.

காசு நிஜமாப் போற இடம் வேற. பழைய வண்டிக்கு இருபதாயிரம் ஏத்திக் குடுத்துட்டு, புது வண்டி டிஸ்கவுண்ட்ல அதைப் பிடிச்சுக்குவாங்க. ரெண்டு விலையையும் தனித்தனியா எழுதி வாங்குங்க. இன்சூரன்ஸ் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் பண்ணாததுக்குப் பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி, உங்களோடது, வண்டியோடது இல்லை. அஞ்சு வருசம் கிளெய்ம் இல்லாம இருந்தா 50 சதவீதம், அதைப் புது வண்டிக்கு மாத்திக்கலாம். இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22ல சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆச்சு. புதுசோட விலையே இறங்கினப்புறம் பழசுக்கு பழைய விலை எதிர்பார்த்தா கிடைக்காதுங்க.

கேட்காத விஷயம்தான், இருந்தாலும் சொல்லணும். அப்பா பேர்ல இருந்த ஆல்ட்டோவை போன வருசம் ஒரு டீலர்கிட்ட வித்தோம். 2023 ஏப்ரல் 1ல இருந்து, அங்கீகாரம் வாங்கின டீலர்கிட்ட வண்டியை ஒப்படைச்சா படிவம் 29சி ஆன்லைன்ல பதியணும். பதிஞ்சா அதுக்கப்புறம் பொறுப்பு டீலருக்கு. ஆல்ட்டோவை வாங்கின டீலர் அந்தப் பேச்சே எடுக்கல. எதுவும் நிரப்பாத படிவத்துல அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு ஒரு டெலிவரி நோட்டை நீட்டினார். இப்ப கிருஷ்ணகிரி பக்கம் எவனோ சீட் பெல்ட் போடாம ஓட்டினதுக்கு அப்பா போனுக்கு ஃபைன் வந்திருக்கு. காங்கேயத்தைத் தாண்டாத மனுசன் ராத்திரியெல்லாம் தூங்கல. டீலருக்குப் போன் பண்ணினா, "கட்டிர்றமுங்க, பேர் மாத்தறதும் ஆயிட்டிருக்குதுங்க"ங்கறார். நேத்து ஆப்ல பார்த்தேன், ரெண்டும் பெண்டிங்லதான் இருக்கு.