கூட்டத்தில் குரல் அடங்கிப் போகும் தம்பிக்கு

களுவாஞ்சிகுடியில வேலைக்குச் சேர்ந்து 2 மாதம், மாதர் சங்கக் கூட்டத்தில 30 பேருக்கு முன்னால குரல் உள்ள போகுது, மேலதிகாரி "கலகலப்பாக் கதை" என்றார் என்று எழுதியிருந்தீங்க. கலகலப்பை விடுங்க தம்பி. நடிப்பு என்று அந்த அம்மாமாருக்கு அஞ்சு நிமிசத்தில விளங்கிரும்.

15 நிமிசம் முந்திப் போங்க. கதிரை அடுக்குற சாட்டில மூணு பேரோட தனித்தனியாக் கதையுங்க. பிறகு எழும்பி நிற்கக்குள்ள தெரிஞ்ச முகம் மூணு இருக்கும். முதல் ரெண்டு வசனத்தை மட்டும் பாடமாக்குங்க. முழுக்கப் பாடமாக்கினா ஒரு சொல் தப்பினதும் எல்லாம் குழம்பும். மிச்சத்துக்குச் சின்ன மட்டையில நாலு சொல் போதும்.

குரல் பெரும்பாலும் வசனக் கடைசியிலதான் விழும். மூச்சு முடிஞ்ச பிறகும் கதைக்கிறதால வாற வேலை அது. வசனத்தைச் சுருக்குங்க, முடிஞ்ச இடத்தில வாயை மூடி மூக்கால மூச்சை இழுங்க. மட்டக்களப்புப் பழைய கல்லடிப் பாலத்துக் காத்தில ரெண்டு தரம் சத்தமாச் சொல்லிப் பாருங்க (ஆக்கள் பார்த்தாப் பார்க்கட்டும்).

அமைதியான ஆளுக்கு வாய்ச்சது காதுதான். ஒரு அம்மா "கச்சான் பயிர் மழையில அழுகிப் போச்சு" என்றால் தலையாட்டிட்டு அடுத்தவருக்குப் போகாதீங்க. "எத்தனை ஏக்கர் அம்மா? விதைக் கச்சானும் போச்சா?" என்று அதையே பிடிச்சுக் கேளுங்க.

கூட்டம் முடிய தனிய இருக்கத் தோணினா இருங்க. ஆனா ரெண்டு பேருக்காவது "போயிட்டு வாறன்" சொல்லிட்டு விலகுங்க. இல்லாட்டி பெருமைக்காரன் என்று பேர் வந்துரும்.