சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் மனச்சோர்வு ஏன் வருகிறது?

மனச்சோர்வு என்பது ஒரு நாள் வருத்தம் அல்ல. குறைந்தது 2 வாரம், அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி நீடித்து தூக்கம், பசி, படிப்பு, விளையாட்டு எல்லாவற்றையும் குலைக்கும் நிலை. பெரியவர்களிடம் சோகமாகத் தெரிவது பிள்ளைகளிடம் பெரும்பாலும் எரிச்சலாகவோ, காரணம் பிடிபடாத வயிற்றுவலியாகவோ வெளிப்படும். 'திமிர்' என்று பலர் ஒதுக்கிவிடுவது இதனால்தான்.

ஒற்றைக் காரணம் கிடையாது. பெற்றோருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல் (வந்தே தீரும் என்றில்லை). அதன்மேல் நெருங்கியவரின் இழப்பு, வீட்டில் ஓயாத சண்டை, பள்ளியில் கேலி, நாள்பட்ட நோய் என்று சேரும். மூட்டைகள் ஏறிக்கொண்டே போகும் வண்டியின் அச்சு, கடைசியாக ஏற்றிய சின்ன மூட்டையில் முறிவது போலத்தான். நாம் அந்தக் கடைசி மூட்டையை மட்டும் குற்றம் சொல்வோம்: 'மார்க் குறைந்ததற்கா இப்படி?'

பதின்வயதில் ஏன் கூடுகிறது? உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப்பகுதி முந்திக்கொள்கிறது; அதை அடக்கும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி 20களின் நடுப்பகுதி வரை வளர்கிறது. பருவமடைந்த பின் பெண்பிள்ளைகளிடம் மனச்சோர்வு ஆண்பிள்ளைகளைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அது குறைந்தால் நிலைமை மோசமாகும். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால், மருத்துவர் ரத்தப் பரிசோதனை கேட்கலாம்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள்; அப்படி ஆகாது, நேராகவே கேட்கலாம், 'ஆம்' என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.